தலைப்பு வரி வெட்டப்பட்ட நான்கு சிகரெட் அட்டைகள்: எந்தக் கட்டடம், எந்தக் காலம்?

கேள்வி: பழுப்புத்தாள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பரணில் இருந்த பிஸ்கட் டின் ஒன்றுக்குள் பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் சிகரெட் பாக்கெட்டுகளுக்குள் வைத்து விற்கப்பட்ட பட அட்டைகள் முப்பதுக்கும் மேல் அதில் ஒட்டப்பட்டுள்ளன. என் தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். சொந்த நாட்டுக்குத் திரும்பிய அதிகாரி ஒருவர் விட்டுச்சென்ற சாமான்களோடு இவை அவரிடம் வந்து சேர்ந்தன என்று என் அத்தை சொல்கிறார். ஒட்டியவரும் அத்தைதான். எட்டு வயதில் மைதாப் பசை காய்ச்சி ஒட்டியிருக்கிறார்; நோட்டின் கட்டங்களுக்குள் அட்டைகள் அடங்கவில்லை என்று, படத்தின் கீழே அச்சிட்டிருந்த பெயர் வரியை ஒவ்வொன்றிலும் கத்தரித்து எறிந்துவிட்டார். பின்பக்கத்தில் இருக்கும் விளக்கமும் பசைக்குள் போய்விட்டது. ஆகவே படத்தைத் தவிர வேறு துப்பு எதுவும் என்னிடம் இல்லை.

லண்டன் டவர் பாலம், ஈஃபில் கோபுரம் போன்றவை பார்த்தவுடன் தெரிந்துவிட்டன. நான்கு மட்டும் பிடிபடவில்லை. இணையத்தில் படத்தைக் கொடுத்துத் தேடினால் ஏதோ ஒரு பெயர் வருகிறது. ஆனால் படத்தோடு வைத்துப் பார்த்தால் ஏதாவது ஒன்று ஒத்துப்போக மறுக்கிறது.

முதல் அட்டையில் அகலமான ஆற்றின்மேல் ஒரு கல் பாலம் உள்ளது. தூரத்தில் ஒரு பெரிய குவிமாடம் தெரிகிறது. தேடலில் ‘லண்டன் பாலம்’ என்று வருகிறது. இரண்டாவதில் மரங்களுக்கு நடுவே ஒரு கல் வாயில். நடுவில் பெரிய வளைவு, இருபுறமும் ஆள் நுழையும் அளவில் சிறிய வளைவுகள், மேலே சன்னல் வைத்த ஓர் அறை, சன்னலின் இருபக்கமும் மாடங்களில் சிலைகள். இதற்கு ஏதோ ஒரு பிரபு மாளிகையின் நுழைவாயில் என்று மட்டும் தேடல் சொல்கிறது. மூன்றாவதில் கண்ணாடியும் இரும்பும் கொண்டு கட்டிய மிகப் பெரிய அரண்மனை, முன்னால் படிக்கட்டுகளும் நீரூற்றுகளும், இரண்டு கோடியிலும் உயரமான இரண்டு கோபுரங்கள். 1851-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கட்டிய கிரிஸ்டல் பேலஸ் என்று தேடல் அடித்துச் சொல்கிறது. ஆனால் அந்தக் கண்காட்சியின் படங்களில் கோபுரங்களே இல்லை. நான்காவது கறுப்பு வெள்ளைப் புகைப்படம். வெனிஸ் நகரத்து செயின்ட் மார்க் சதுக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அங்கே நிற்க வேண்டிய மணிக்கூண்டு படத்தில் இல்லை.

கட்டடத்தின் பெயரோடு, படம் எந்தக் காலத்துக் காட்சி என்பதையும் அறிய விரும்புகிறேன். நீரில் ஊறவைத்து அட்டைகளைப் பிரித்தெடுக்கலாமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஆற்றோரம்

பாலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றவற்றை அறிந்தவர்கள் வருவார்கள். தேம்ஸ் பாலங்களின் அட்டை கையில் கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது வளைவுகளை எண்ணுவது. குவிமாடத்தை நம்பாதீர்கள், செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் அந்தக் காலத்தில் ஆற்றின் எந்தத் திருப்பத்திலிருந்து பார்த்தாலும் தெரியும் என்பதால், அதை வைத்துப் பாலத்தைச் சொல்லிவிட முடியாது.

1831-இல் திறந்த லண்டன் பாலத்துக்குக் கல்லால் ஆன வளைவுகள் ஐந்து. 1817-இல் திறந்த வாட்டர்லூ பாலத்துக்கும் கல் வளைவுகள்தான், ஆனால் ஒன்பது. இரண்டின் வடிவமைப்பும் ஜான் ரென்னி என்ற ஒரே பொறியாளருடையது என்பதால் தோற்றத்தில் அண்ணன் தம்பி போல இருக்கும். தேடல் இயந்திரம் தடுமாறுவதும் இதனால்தான். பழைய வாக்ஸால் பாலத்துக்கும் வளைவு ஒன்பதுதான், ஆனால் அவை இரும்பு. பழைய சதக் பாலத்துக்கு மூன்று இரும்பு வளைவுகள், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கு ஏழு இரும்பு வளைவுகள். கல் என்று நீங்கள் உறுதியாகச் சொல்வதால் ஐந்தா ஒன்பதா என்பதே கேள்வி.

மரமோ படகோ மறைத்து எண்ண முடியாமல் போனால், வளைவுகளுக்கு இடையில் உள்ள தூண்களை உருப்பெருக்கியில் பாருங்கள். வாட்டர்லூ பாலத்தில் ஒவ்வொரு தூணின்மீதும் கிரேக்கக் கோயில் பாணியில் இரட்டை இரட்டையாக அரைத்தூண்கள் ஒட்டியிருக்கும். லண்டன் பாலத்தில் அவை கிடையாது. ஒருவேளை ஐந்து வளைவு என்று வந்துவிட்டால் அதன் கைப்பிடிச் சுவரின் அடியைக் கவனியுங்கள். 1902 முதல் 1904 வரை அந்தப் பாலத்தை அகலப்படுத்தினார்கள். நடைபாதையை வெளியே நீட்டி அதைத் தாங்கக் கருங்கல் தாங்கிகளை வரிசையாகப் பொருத்தினார்கள். தாங்கிகள் தெரிந்தால் காட்சி அதற்குப் பிந்தையது, சுவர் மொட்டையாக இருந்தால் முந்தையது. அந்தப் பாலம் இப்போது லண்டனிலேயே இல்லை என்பது வேறு கதை. 1968-இல் ஓர் அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கிப் பிரித்துக் கொண்டுபோனார்; 1971 முதல் அரிசோனாவில் ஓர் ஏரிக்கரையில் நிற்கிறது.

வாட்டர்லூ பாலமாக இருந்தால் பக்கத்திலேயே இரும்புச் சட்டப் பாலம் ஒன்று ஒட்டி நிற்கிறதா என்று பார்க்கவும். 1920-களில் தூண் ஒன்று அமிழத் தொடங்கியதால் பாலத்தை மூடிப் பக்கத்தில் தற்காலிகப் பாலம் போட்டார்கள். 1930-களில் பழையதை இடித்தே விட்டார்கள். ஜான் பிளேயர் நிறுவனம் பாலங்களுக்கென்றே 1903-இல் ஐம்பது அட்டைகள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. பெயர் உறுதியானதும் முதலில் அந்தத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுமொழி: கல்லச்சு

ஆற்றோரம் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். நான் வாயிலையும் கண்ணாடி அரண்மனையையும் எடுத்துக்கொள்கிறேன்.

வாயில் டெம்பிள் பார். தேடல் இயந்திரம் மாளிகை வாயில் என்று சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இந்த அட்டை எனக்குப் பிடித்திருக்கிறது. லண்டன் மாநகரின் மேற்கு எல்லையில், ஃப்ளீட் தெருவின் குறுக்கே 1669 முதல் 1672 வரை கட்டப்பட்ட வாயில் அது. கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்ததாகக் கருதப்படுகிறது. மேலே சன்னல் தெரிகிறது என்றீர்களே, அந்த அறையைப் பக்கத்து வங்கி ஒன்று பேரேடுகள் போட்டுவைக்க நெடுங்காலம் வாடகைக்கு வைத்திருந்தது. சிலைகள் முகத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு, எல்லாம் அரச குடும்பத்தவருடையவை. தெருவில் வண்டி நெரிசல் தாங்காமல் 1878-இல் வாயிலைக் கல் கல்லாக எண்ணிட்டுப் பிரித்தார்கள். பத்தாண்டுகள் அந்தக் கற்கள் சும்மா கிடந்தன. பிறகு மதுபான ஆலை உரிமையாளரான ஒரு பிரபு வாங்கி, ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் தியோபால்ட்ஸ் பூங்கா என்ற தம் தோட்டத்துக்கு நுழைவாயிலாக 1888-இல் நிறுத்தினார். அங்கிருந்து மீண்டும் பிரிக்கப்பட்டு 2004-இல் லண்டனுக்குத் திரும்பி வந்து, இப்போது செயின்ட் பால் தேவாலயத்தின் அருகில் நிற்கிறது.

ஆகவே டெம்பிள் பார் அட்டையில் வாயிலைவிட அதைச் சுற்றியுள்ளவைதான் காலத்தைச் சொல்லும். கடைகளும் குதிரை வண்டிகளும் தெரிந்தால் காட்சி 1878-க்கு முந்தையது; அட்டை அதற்குப் பல ஆண்டுகள் கழித்து அச்சானதாக இருந்தாலும் ஓவியர் பழைய படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்று பொருள். தெரு நடுவில் ஒரு பீடத்தின்மேல் சிறகு விரித்த டிராகன் மட்டும் நின்றால், அது வாயில் இருந்த இடத்தில் 1880-இல் வைத்த நினைவுச்சின்னம். உங்கள் படத்தில் மரங்கள் உள்ளன. எனவே காட்சி 1888-க்குப் பிந்தையது. மேற்சொன்ன ஜான் பிளேயர் நிறுவனம் 1909-இல் வாயில்களுக்கென்றே ஐம்பது அட்டைகள் வெளியிட்டது, அதையும் பார்த்துவிடுங்கள்.

கிரிஸ்டல் பேலஸ் விஷயத்தில் நீங்கள் ஐயப்பட்டது சரி. 1851-இல் ஹைட் பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய கட்டடத்தைக் கண்காட்சி முடிந்ததும் பிரித்து, லண்டனின் தெற்கே சிடனம் குன்றின்மேல் இன்னும் பெரிதாகக் கட்டி 1854-இல் திறந்தார்கள். ஹைட் பூங்காவில் குறுக்கே ஓடும் வளைகூரை நடுவில் ஒன்றுதான்; சிடனத்தில் நடுவில் ஒன்றும் கோடிக்கு ஒன்றுமாக மூன்று. நீரூற்றுகளுக்குத் தண்ணீர் ஏற்றப் புரூனல் வடிவமைத்த இரண்டு கோபுரங்களும் சிடனத்தில் மட்டுமே உண்டு. கோபுரம் தெரிந்தால் சிடனம், இதில் விவாதமே இல்லை.

காலத்தை இன்னும் நெருக்கிப் பிடிக்கலாம். 1866 டிசம்பர் 30 அன்று தீப்பிடித்து வடக்குக் கோடி வளைகூரை அழிந்தது. திரும்பக் கட்டவே இல்லை. அதனால் அதற்குப் பிந்தைய படங்களில் கட்டடம் ஒரு பக்கம் முழுதாகவும் மறுபக்கம் மொட்டையாகவும் இருக்கும். உங்கள் அட்டையில் கோடி வளைகூரைகள் எத்தனை, எந்தப் பக்கம் என்று சொல்ல முடியுமா?

பழுப்புத்தாள்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை வெளிச்சத்தில் உருப்பெருக்கியோடு உட்கார்ந்தேன். பாலத்தில் தெளிவாக ஏழு வளைவுகளை எண்ண முடிந்தது, எட்டாவது படகின் பாய்க்குப் பின்னால் பாதி தெரிகிறது, அதற்கு அப்பால் படம் முடிந்துவிடுகிறது. தூண்களின்மீது இரட்டை அரைத்தூண்கள் இருக்கின்றன. பக்கத்தில் வேறு பாலம் இல்லை. ஆகவே வாட்டர்லூ பாலம், பழுதாவதற்கு முந்தைய காட்சி என்று எழுதிக்கொண்டேன்.

அரண்மனையில் நடு வளைகூரை பெரிதாக இருக்கிறது. வலது கோடியில் ஒரு சிறிய வளைகூரை உள்ளது. இடது கோடியில் இல்லை. அங்கே கட்டடம் சட்டென்று நின்றுவிடுகிறது, கோபுரம் மட்டும் தள்ளி நிற்கிறது. அப்படியானால் 1866-க்குப் பிந்தைய காட்சிதானே? ஆனால் இணையத்தில் நான் பார்த்த தோட்டப் பக்கத்துப் புகைப்படங்களில் மொட்டையாக இருப்பது வலது பக்கம். என் அட்டையில் இடது பக்கம். இது எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி: கல்லச்சு

உங்கள் அட்டையில் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. அழகாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இதை முடிவாகச் சொல்லும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அரண்மனை குன்றின் உச்சியில் வடக்கு தெற்காக நீண்டு கிடந்தது. தோட்டம் கிழக்குச் சரிவில். தோட்டத்தில் நின்று பார்த்தால் வடக்கு நம் வலப்பக்கம், ஆகவே எரிந்த கோடி வலப்பக்கம் வர வேண்டும். மறுபக்கம் சாலையிலிருந்து பார்த்தால்தான் அது இடப்பக்கம் வரும். ஆனால் படிக்கட்டும் நீரூற்றும் தோட்டப் பக்கத்தில் மட்டுமே உண்டு. உங்கள் படத்தில் நீரூற்று முன்னால் இருப்பதால் சாலைப் பக்கக் காட்சி என்று சமாதானம் சொல்ல வழியில்லை.

இப்படி நேர்வதற்குக் காரணம் அச்சு முறையில் இருக்கிறது. அந்தக் காலத்து வண்ண அட்டைகள் பெரும்பாலும் கல்லச்சில் உருவானவை. கல்லின்மேல் வரைந்தது தாளில் பதியும்போது கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிவிழும் என்பதால், ஓவியர் முதலிலேயே மாற்றி வரைய வேண்டும். மூலப் படத்தைப் பார்த்து அப்படியே நேராக வரைந்துவிட்டால் அட்டையில் கட்டடம் திரும்பிக்கொள்ளும். புகைப்படக் கண்ணாடித் தகட்டைத் திருப்பிப் போட்டாலும் இதே விளைவுதான். எழுத்துள்ள இடமானால் உடனே கண்ணில் படும். இருபுறமும் ஏறக்குறைய ஒத்திருக்கும் கட்டடத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். தெருக்காட்சியானால் வண்டிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். இங்கிலாந்துத் தெருவில் எல்லாம் வலப்பக்கமாகப் போனால் படம் மாறியிருக்கிறது. கடிகார முகப்பும் நல்ல சாட்சி. சிவகாசித் தீப்பெட்டிப் படங்கள் சேர்த்தவர்களுக்கு இந்த வேடிக்கை புதிதல்ல, எழுத்து நேராக இருக்கும், பிள்ளையாரின் தும்பிக்கை மட்டும் பக்கம் மாறியிருக்கும்.

உங்கள் அட்டை கல்லச்சுதானா என்று அறிய அதே உருப்பெருக்கி போதும். வானத்தின் நிறத்தைப் பாருங்கள். புள்ளிகள் கையால் குத்தியதுபோல் ஒழுங்கற்றுச் சிதறிக் கிடந்தால் கல்லச்சு. கோலப்புள்ளி வைத்ததுபோல் சீரான வரிசையில் இருந்தால் பின்னாளைய புள்ளி அச்சு.

மறுமொழி: பரண்மேல்

சற்றுத் தாமதமாக வருகிறேன். வெனிஸ் அட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

செயின்ட் மார்க் மணிக்கூண்டு 1902 ஜூலை 14 காலையில் தானாகவே சரிந்து விழுந்தது. முன்கூட்டியே விரிசல் கண்டு மக்களை விலக்கியிருந்ததால் மனித உயிர்ச்சேதம் இல்லை. காவலாளியின் பூனை ஒன்றுதான் இறந்தது என்பார்கள். எப்படி இருந்ததோ அப்படியே, எங்கே இருந்ததோ அங்கேயே கட்டுவது என்று நகரம் முடிவு செய்து, 1903 ஏப்ரல் 25 அன்று அடிக்கல் நாட்டி, 1912 ஏப்ரல் 25 அன்று திறந்தது. அது செயின்ட் மார்க் திருநாள். சதுக்கத்தின் மேற்குக் கோடியிலிருந்து தேவாலயத்தை நோக்கி எடுத்த படமானால், மணிக்கூண்டு வலப்பக்கம் தேவாலயத்துக்கு முன்னால் கட்டாயம் நின்றாக வேண்டும். சுமார் 98 மீட்டர் உயரமுள்ளது, படத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை. தேவாலயத்தின் வலப்பக்கத்து நிலம் படத்துக்குள் இருந்தும் கோபுரம் இல்லை என்றால், அது அந்தப் பத்தாண்டு இடைவெளியில் எடுத்ததாகத்தான் இருக்கும். அங்கே தரைமட்டத்தில் மரவேலி ஏதேனும் தெரிகிறதா என்று பாருங்கள், அடித்தள வேலைக்காக அடைத்திருந்த இடம் அது. புகைப்படமாக இருப்பதால் ஓவியர் மறந்துவிட்டார் என்று சொல்லவும் முடியாது. ஆனால் கல்லச்சு ஐயா சொன்னதை இங்கும் மனத்தில் வையுங்கள். படம் இடவலம் மாறியிருந்தால் நீங்கள் தேட வேண்டியது இடப்பக்கம்.

இனி ஊறவைப்பது பற்றி. அவசரப்பட வேண்டாம். மைதாப் பசை நீரில் இளகும் என்பது உண்மைதான். கல்லச்சு அட்டைகளைக் குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டுப் பிரித்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கணக்கு நோட்டின் மைக்கோடுகள் கரைந்து அட்டையில் ஏறினால் அந்தக் கறை போகாது. வெனிஸ் அட்டையை நீரில் போடவே போடாதீர்கள். புகைப்பட அட்டையின் மேற்பூச்சு ஊறி ஒட்டிக்கொள்ளும். 1930-களில் வெளிவந்த அட்டைகள் சிலவற்றில் ஆல்பத்தில் ஒட்டுவதற்காகப் பின்புறம் கம்பெனியே கோந்து தடவியிருந்தது, ஈரம் பட்டால் அது இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். ஏற்கெனவே ஓரம் எழும்பிய அட்டை ஏதாவது இருந்தால், அதை மட்டும் மெல்லிய எலும்புத் தகடோ பிளாஸ்டிக் தகடோ நுழைத்து, வந்த வரைக்கும் தூக்கிப் பின்பக்கத்தின் கடைசி வரியைப் படித்துப் பாருங்கள். ‘கிரேட் பிரிட்டன், அயர்லாந்து இம்பீரியல் டொபாக்கோ கம்பெனியின் கிளை’ என்ற பொருள்பட ஆங்கில வரி இருந்தால், அட்டை 1901-க்குப் பிந்தையது; பதின்மூன்று பிரிட்டிஷ் கம்பெனிகள் அந்த ஆண்டில்தான் ஒன்றுசேர்ந்தன. முதல் உலகப் போரின் தாள் தட்டுப்பாட்டால் 1917-இல் அட்டை வெளியீடு நின்றது, 1922-இல் மீண்டும் தொடங்கியது, 1940-இல் அடுத்த போரின் தாள் கட்டுப்பாட்டால் அடியோடு நின்றது. அட்டையின் வயது இந்த எல்லைகளுக்குள் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

பழுப்புத்தாள்

பரண்மேல் ஐயாவுக்கு நன்றி. வெனிஸ் அட்டையில் வலப்பக்கத்தில் பலகை வேலி இருக்கிறது. இத்தனை நாளாக அதைச் சந்தைக் கடை என்று நினைத்திருந்தேன்.

கண்ணாடி அரண்மனை அட்டையின் ஒரு மூலை முன்பே எழும்பியிருந்தது. பிளாஸ்டிக் அளவுகோலை நுழைத்துக் கால்வாசி தூக்கினேன். ‘கிரேட் பிரிட்டன்’ என்ற சொற்கள் கிடைத்தன. அதற்கு மேல் போனால் கிழியும் என்று நிறுத்திவிட்டேன். அட்டையின் நீளம் 68 மில்லிமீட்டர். உயரம் 36 இருக்க வேண்டியது, அத்தையின் கத்தரியால் 30 ஆகிவிட்டது. வானத்தில் புள்ளிகள் ஒழுங்கற்றுத்தான் சிதறியிருக்கின்றன.

நோட்டில் ஒவ்வொரு படத்தின் கீழும் பென்சிலால் கட்டடத்தின் பெயர், காட்சியின் காலம், அட்டையின் காலம் என்று மூன்று வரிகள் எழுதி வருகிறேன். அரண்மனையின் கீழ் நான்காவதாக ‘இடவலம் மாறியது’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

மறுமொழி: ஆற்றோரம்

பென்சில் என்பது நல்ல முடிவு. பாலத்துக்கும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் எண்ணியது ஏழும் பாதியும். மீதியைப் படம் வெட்டிவிட்டது. ஆகவே ‘ஒன்பது வளைவு’ என்று எழுதாமல், ‘எட்டு தெரிகிறது, இரட்டை அரைத்தூண்கள்’ என்று எழுதுங்கள். நாளை யாராவது நோட்டைத் திறந்து எண்ணிப் பார்த்தால் குழம்பக் கூடாது. நியூயார்க் பொது நூலகம் தன்னிடம் உள்ள ஏரன்ட்ஸ் சேகரிப்பின் சிகரெட் அட்டைகளை இணையத்தில் வைத்திருக்கிறது. பெயர் தெரிந்துவிட்ட பாலம், வாயில், அரண்மனை மூன்றையும் அங்கே தேடி, அத்தை வெட்டி எறிந்த வரி என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்.